அணியும் பணியும்: பழந்தமிழர் ஒப்பனை பற்றிய ஒரு மறுநோக்கு

நாதசுரத்துக்கும் தவிலுக்கும் பெயர்பெற்ற ஊர் அளவெட்டி. அவ்வூரிலும் யாழ்ப்பாணத்தின் ஏனைய ஊர்களிலும் திருமணத்துக்கு முன் நிகழும் சடங்குகளுள் பொன்னுருக்கு சிறப்பிடம் பெறுவது. நல்லநாள் பார்த்து, சுற்றத்தார் கூடியிருக்க, மணமகன் வீட்டுக்குப் பொற்கொல்லர் அழைக்கப்படுகிறார். நிறைகுடமும் விளக்கும் வைக்கப்பட்டு, வெற்றிலை பாக்கும் தேங்காயும் பழமும் பரப்பப்படுகின்றன. சபையோர் முன்னிலையில் பொன் நாணயம் நெருப்பில் உருக்கப்படுகிறது. உருகித் திரண்ட பொன் தட்டில் வைத்து யாவருக்கும் காட்டப்படுகிறது. தாலிக்குரிய பொன் அதுவே. தாலியும் கொடியும் இன்று பெரும்பாலும் கடைகளிலேயே செய்விக்கப்படினும் சடங்கு கைவிடப்படவில்லை. அன்று ஒரு நாழிகையேனும் அச்சபையின் நடுவில் இருப்பவர் பொன்வினைஞரே. ஆயின், தாலி கட்டும் நாளில் பேச்சு வேறாகிவிடுகிறது. கொடி எத்தனை பவுண் என்பது கேட்கப்படும். செய்த கை எது என்பது கேட்கப்படுவதில்லை.

இவ்விரு நாட்களுக்கும் இடையே நிகழும் மறதி திருமண வீட்டோடு நின்றுவிடுவதன்று. பண்டைத் தமிழரின் நறுமணப் பொருள்கள், ஒப்பனைகள், அணிகலன்கள் ஆகியன பற்றி எழுதப்பட்ட கட்டுரைகள் பலவற்றிலும் அம்மறதி உண்டு. அவற்றின் போக்குப் பெரும்பாலும் ஒன்றே. சங்க இலக்கியத்திலிருந்தும் சிலப்பதிகாரத்திலிருந்தும் அணிகளின் பெயர்கள் திரட்டப்படும். தலை, காது, கழுத்து, கை, இடை, கால் என அவை வரிசைப்படுத்தப்படும். சாந்தும் அகிலும் மான்மதமும் எடுத்துரைக்கப்படும். அதன்மேல் எகிப்தும் உரோமும் துணைக்கு அழைக்கப்படும். ஈற்றில், இத்துணை அணி பூண்ட சமூகம் எத்துணை உயர்ந்ததாய் இருந்திருத்தல் வேண்டும் என்னும் வியப்புடன் கட்டுரை நிறைவுறும்.

இவ்வியப்பு இயல்பானதே. எனினும் பட்டியல் ஆராய்ச்சியாகிவிடாது. ஓர் அணிகலன் முன்வைக்கப்படும்போது மூன்று வினாக்கள் எழல் வேண்டும்: அதனைச் செய்தவர் யார்? அணிந்தவர் யார்? அது கிட்டாதவர் யார்? க. கைலாசபதி, கா. சிவத்தம்பி ஆகியோர் ஈழத்திலே வலுப்பெறச் செய்த சமூக வரலாற்று நோக்கு பண்டைய இலக்கியத்தின் பல துறைகளிலே இத்தகைய வினாக்களை எழுப்பியுள்ளது. ஒப்பனையும் அணியும் மட்டும் இன்னும் பெருமித உரைகளின் பொருளாகவே எஞ்சி நிற்கின்றன. இலக்கியங்கள் இவ்வினாக்களுக்கு விடை தராதவையல்ல. விடையிருக்கும் பகுதிகளை மேற்கோளாளர் கடந்து சென்றுவிடுகின்றனர் என்பதே உண்மை.

எடுத்துக்காட்டாக இரு பாடல்களை ஒருங்குவைத்து நோக்கலாம். முதலாவது, கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பட்டினப்பாலை. முற்றத்தில் உலரும் உணவைக் கவரவந்த கோழியை மகளிர் தம் காதிலிருந்த கனமான குழையைக் கழற்றி எறிந்து ஓட்டுகின்றனர். எறிந்த குழை, சிறுவர் உருட்டிவரும் முக்காற் சிறுதேரின் வழியைத் தடுக்கிறது. சோழநாட்டின் செல்வ வளத்துக்குச் சான்றாக இக்காட்சி எண்ணற்ற மேடைகளில் எடுத்தோதப்பட்டுள்ளது. இரண்டாவது, ஊன்பொதி பசுங்குடையார் பாடிய புறநானூற்று 378ஆம் பாடல். சோழன் இளஞ்சேட்சென்னி அளித்த அணிகலன்களைப் பெற்ற பாணனின் பெருஞ்சுற்றம், எதனை எங்கே அணிவதென்று அறியாது திகைக்கிறது. விரலுக்குரியவற்றைச் செவியிலும், செவிக்குரியவற்றை விரலிலும், இடைக்குரியவற்றைக் கழுத்திலும், கழுத்துக்குரியவற்றை இடையிலும் அவர்கள் பூணுகின்றனர். இராவணன் கவர்ந்து சென்றபோது சீதை நிலத்தில் இட்ட நகைகளைக் கண்டெடுத்த குரங்குக் கூட்டத்தை அக்காட்சிக்கு உவமையாக்குகிறார் புலவர்.

இரண்டும் சோழநாட்டைப் பற்றியவை. இரண்டும் சங்கத் தொகைகளுள் அடங்கியவை. முதலாவதில் அணி கோழி எறியும் கல்லாகிறது. இரண்டாவதில் அணிகலன் ஒன்றின் பயன்பாடே அறியப்படாததாக இருக்கிறது. காதுக்கும் விரலுக்கும் உரிய அணிகளை வேறுபிரித்தறிய முடியாத ஒரு சுற்றம், அவ்வணிகளை அதற்கு முன் கையால் தொட்டதில்லை என்றே கொள்ளல் வேண்டும். முதற்பாடலை மட்டும் ஓதி இரண்டாவதை விடுப்பவர், ஒரு காலத்தின் பாதியை மட்டுமே காட்டுகிறார்.

புறநானூற்றுப் பாடலின் நகை ஏளன நகையெனச் சிலர் கருதக்கூடும். அக்கருத்துப் பொருந்தாது. அப்பாடலில் பேசுபவன் அச்சுற்றத்தைச் சேர்ந்தவனே. நெடுநாள் வறுமையில் உழன்ற தன் உறவினரைக் கண்டு அவன் நகைக்கிறான். துன்பம் நீங்கியதால் பிறந்த நகை அது. ஆகவே இப்பாடல் கொடைப் புகழ்ச்சியாகவும் வறுமைச் சான்றாகவும் ஒரே வேளையில் விளங்குகிறது. மன்னனின் கொடையைச் சிறப்பிக்க முனைந்த புலவர், அக்கொடை ஏன் தேவைப்பட்டது என்பதையும் மறைக்காது சொல்லிவிட்டார். பாடலின் உயர்வுக்கு அதுவே காரணம்.

இலக்கியத்திலிருந்து மண்ணுக்கு வரின் இதே வினாக்கள் வேறொரு வடிவில் எதிர்ப்படுகின்றன. அளவெட்டியிலிருந்து நடந்து செல்லத்தக்க தூரத்தில் உள்ளது கந்தரோடை. யாழ்ப்பாணக் குடாநாட்டின் மிகப் பழைய குடியிருப்புகளுள் ஒன்றாகிய அவ்விடத்தில், 1917ஆம் ஆண்டு முதல் பால் ஈ. பீரிஸ் ஆய்வுகள் நிகழ்த்தினார். பின்னர் 1970இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தினர் அங்கு அகழ்ந்தனர். பழங்காசுகளும் மணிகளும் கிடைத்த அம்மண்ணில் செம்பாலான அஞ்சனக் கோல்களும் கிடைத்தன. கண்ணுக்கு மை தீட்டப் பயன்பட்ட இக்கோல்கள், கி.மு. 2000 அளவில் எகிப்தியர் பயன்படுத்தியவற்றை ஒத்திருப்பதைப் பீரிஸ் சுட்டிக்காட்டினார்.

ஒப்புமையைச் சுட்டுவது ஆய்வாளர் கடன். அவ்வொப்புமையைப் பற்றிக்கொண்டு யாழ்ப்பாணத்தையும் நைல் நதியையும் உறவாக்குவது வேறு செயல். கந்தரோடையின் தொல்குடியிருப்புக் கி.மு. முதலாம் ஆயிரவாண்டைச் சார்ந்தது. ஒப்பிடப்படும் எகிப்தியக் கோல்களுக்கும் அதற்கும் இடையே ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட இடைவெளி உண்டு. அஞ்சனக் கோல் மெலிதாக இருத்தல் வேண்டும். இன்றேல் இமையோரத்தில் அதனை இழுக்க இயலாது. அதன் நுனி மழுங்கியிருத்தல் வேண்டும். இன்றேல் கண்ணைப் புண்படுத்தும். எனவே அதன் வடிவத்தைத் தீர்மானித்தது மனிதக் கண்ணே. எகிப்தியப் பெண்ணுக்கும் கந்தரோடைப் பெண்ணுக்கும் கண்கள் ஒரே வகையின. ஆகையால் கோல்களும் ஒரே வகையின. தொடர்பு இருந்ததெனக் கூற வேறு சான்றுகள் வேண்டும். இவ்வாறு கூறுவதால் கந்தரோடையின் சிறப்புக் குறைந்துவிடாது. அச்செப்புக் கோல் எகிப்தின் நிழலில் நின்று பெருமை தேடவேண்டிய தேவை அதற்கில்லை. இற்றைக்கு ஈராயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட ஒரு காலையில், இக்குடாநாட்டில் யாரோ ஒருவர் தம் முகத்தைத் தாமே பார்த்து மை தீட்டிக்கொண்டார் என்பதை அது சொல்கிறது. அது போதும்.

எகிப்திலிருந்து கற்கவேண்டியது உண்டெனின், அது வேறொரு செய்தி. தேர் எல் மெதீனா என்னும் ஊரில் மன்னர்களின் கல்லறைகளை அமைத்த தொழிலாளர் வாழ்ந்தனர். பொன்னும் மணியும் நறுநெய்யும் வைத்து மூடப்படும் அறைகளைக் குடைந்தவர்களும் வண்ணம் தீட்டியவர்களும் அவர்களே. மூன்றாம் இராம்சேசு மன்னனின் 29ஆம் ஆட்சியாண்டில், கி.மு. 12ஆம் நூற்றாண்டில், அவர்களுக்குரிய படி தாமதமாயிற்று. அவர்கள் வேலையை நிறுத்தி வெளியேறினர். வரலாற்றில் எழுத்துச் சான்றுள்ள மிகப் பழைய வேலைநிறுத்தம் அதுவே எனக் கருதப்படுகிறது. தமக்கு உடையில்லை, மீனில்லை, காய்கறியில்லை என முறையிட்ட அவர்கள், பூசிக்கொள்ள எண்ணெயும் இல்லை என்று கூறியமை பாப்பிரசு ஏட்டில் பதிவாகியுள்ளது. வெயில் எரிக்கும் நாட்டில் பூச்செண்ணெய் உழைப்பவனின் உணவோடு ஒப்ப எண்ணப்பட்டது. ஒப்பனைப் பொருளென்றாலே செல்வர் இன்பம் எனக் கொள்ளும் எண்ணத்தை இவ்வொரு பதிவு திருத்திவிடுகிறது.

மெசப்பொத்தேமியாவும் இருவகைச் சான்றுகளைத் தருகிறது. ஊர் என்னும் நகரின் அரச கல்லறைகளை இலியனாட் வூலி 1922 முதல் 1934 வரை நிகழ்த்திய அகழ்வுகளின்போது கண்டறிந்தார். புவாபி அரசியின் பொன்னிலைத் தலையணியும், நீலக்கல்லும் சூதுபவளமும் கோத்த மாலைகளும் உலகப் புகழ் பெற்றன. அதே இடுகாட்டில் ஒரு பெருங்குழியில் 74 உடல்கள் கிடந்தன. அவற்றுள் மிகப்பெரும்பாலானவை பெண்களுடையவை. பலரும் அணிகலன் பூண்டவாறே கிடந்தனர். இறந்த தலைவருக்குத் துணையாக அனுப்பப்பட்டவர்கள் அவர்கள். அவர்கள் பூண்டிருந்த அணி அவர்களுடைய உடைமையன்று. அவர்களே பிறருடைய உடைமை. இதற்கு எதிரான சான்று, கி.மு. 1200 அளவைச் சேர்ந்த அசீரிய ஆப்பெழுத்துப் பலகையில் உள்ளது. நறுமணத் தைலம் வடிக்கும் முறையைக் கூறும் அம்மரபில் தப்புதி என்னும் பெண்ணின் பெயர் பொறிக்கப்பட்டுள்ளது. அவள் அரண்மனை சார்ந்த வாசனை வினைஞர். மற்றொரு பெண் வினைஞரின் பெயர் பலகை சிதைந்தமையால் பிற்பாதி மட்டுமே எஞ்சியிருக்கிறது. ஒரு முழுப்பெயரும் ஓர் அரைப்பெயரும்: உலகின் பண்டைய ஒப்பனை வரலாற்றில் செய்தவர்களுக்குக் கிடைத்த இடம் அவ்வளவே.

தமிழிலக்கியத்தில் அணிகலன் மிக ஆழமாக ஆராயப்பட்ட நூல் சிலப்பதிகாரம். நூற்பெயரே ஓர் அணியின் பெயராலாயது. கடலாடு காதையில் மாதவி ஊடல் தீர்க்க ஒப்பனை செய்துகொள்கிறாள். பத்து வகைத் துவரும், ஐந்து வகை விரையும், முப்பத்திரண்டு வகை ஓமாலிகையும் ஊறிய நீரில் நீராடுகிறாள். கூந்தலை அகிற்புகையில் உலர்த்துகிறாள். அடிமுதல் முடிவரை அணி பூணுகிறாள். அந்திமாலைச் சிறப்புச்செய் காதையிலோ, பிரிவுற்ற கண்ணகியின் காலில் சிலம்பில்லை, கண்ணில் மையில்லை, நெற்றியில் திலகமில்லை. பட்டியல் தொகுப்போர் முதற் காதையைப் பயன்படுத்துவர். திறனாய்வாளர் இரண்டையும் சேர்த்துப் படித்தல் வேண்டும். மாதவியின் மீது அடுக்கப்படும் ஒவ்வோர் அணியும், கண்ணகியிடமிருந்து நீங்கிய ஒவ்வோர் அணியையும் நினைவூட்டுகிறது. இளங்கோ செல்வத்தை வருணிக்கவில்லை. ஒரு வீட்டிலிருந்து மற்றொரு வீட்டுக்குச் செல்வம் இடம்பெயர்ந்ததைக் காட்டுகிறார்.

காப்பியத்தின் உச்சமும் அணியின் உள்ளீட்டிலேயே தங்கியிருக்கிறது. கண்ணகி சிலம்பின் பரல் மாணிக்கம். பாண்டிமாதேவி சிலம்பின் பரல் முத்து. புறத்தே ஒன்றுபோல் தோன்றும் இரு சிலம்புகளை உடைத்துப் பார்த்தாலன்றி உண்மை விளங்காது. காலில் கிடந்தவரை ஒலிமட்டும் செய்த சிலம்பு, உடைந்தபின் வழக்குரைக்கிறது. அணியின் மதிப்பு அதன் வெளித்தோற்றத்திலில்லை, உள்ளே இருப்பதை ஆராய்வதில் உள்ளது என்னும் உண்மையைத் தமிழில் இதனினும் வலிமையாகக் கூறிய படைப்பு வேறில்லை.

இத்துணை நுட்பமாக நீதியை ஆராய்ந்த காப்பியத்திலும் ஒரு வினா ஆராயப்படாமலே நின்றுவிடுகிறது. அரசியின் சிலம்பைக் கவர்ந்தவன் ஒரு பொற்கொல்லன். அவன் ஒருவன். ஆயின் பாண்டியன் நெடுஞ்செழியன் இறந்தபின், கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன் பத்தினிக்குப் பொற்கொல்லர் ஆயிரவரைப் பலியிட்டான் என நூல் கூறுகிறது. அதன்பின் மழை பெய்து நாடு வளமுற்றதாகவும் கூறப்படுகிறது. ஆராயாது கோவலனைக் கொன்றது கொடுங்கோன்மை எனில், ஆராயாது ஆயிரம் வினைஞரைக் கொன்றது யாது? கோவலனுக்காகக் கண்ணகி அரசவையில் வாதிட்டாள். அவ்வாயிரவருக்காக வாதிட எவரும் வரவில்லை. அவர்களுடைய மனைவியர் கையிலும் சிலம்புகள் இருந்திருக்கலாம், அவை உடைபடவில்லை. இது வரலாற்று நிகழ்ச்சியா என்பது இங்கு வினாவன்று. காப்பியம் இதனைக் குறையெனக் கருதாது கடந்து செல்வதே கருதற்பாலது. இளங்கோவின் மேதைமையைக் குறைத்துக் காட்டுவது இதன் நோக்கமன்று. ஒரு காலத்தின் கண் எட்டிய எல்லை எதுவென அறிவதே நோக்கம்.

அவ்வெல்லைக்கு அப்பாற்பட்ட செய்தியொன்று பிறநாட்டார் குறிப்பில் கிடைக்கிறது. கி.பி. முதலாம் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட செங்கடற் செலவு நூல், பாண்டியருக்குரிய கொற்கையில் முத்துக்குளிப்புத் தண்டனை பெற்ற குற்றவாளிகளைக் கொண்டு நடத்தப்பட்டது எனக் குறிப்பிடுகிறது. காப்பியம் அந்நூலுக்குச் சில நூற்றாண்டுகள் பிற்பட்டது. ஆதலின் ஒன்றை மற்றதன் உரையாகக் கொள்ளல் இயலாது. எனினும் இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் படிப்பவர் அரசியின் சிலம்பிலிருந்த முத்தை முன்போல் நோக்கமாட்டார். கள்வன் எனப் பெயர் சூட்டப்பட்ட கோவலன் ஒரு கணத்தில் வெட்டுண்டு வீழ்ந்தான். குற்றவாளி எனப் பெயர் சூட்டப்பட்ட வேறு பலர் மூச்சடக்கி ஆழ்கடலில் இறங்கினர். அவர்கள் எடுத்த முத்தே கொற்கை முத்தெனப் புலவர்களால் புகழப்பட்டது.

சங்கப் புலவர் அனைவரும் தொழிலைக் காணாதவர் என முடிவுசெய்வதும் தவறாகும். அகநானூற்று 24ஆம் பாடலில் ஆவூர் மூலங்கிழார், பகன்றையின் அரும்புக்கு உவமை தேடுகிறார். சங்கை அரத்தால் அறுத்து வளைகளைக் கழித்தபின் எஞ்சும் கொழுந்துப் பகுதி அவருக்கு உவமையாகிறது. வளையணிந்த கையைப் பாடிய புலவர் மிகப் பலர். வளையறுத்த பட்டறையின் கழிவுத் துண்டைக் கண்டு பாடிய புலவர் இவர். பட்டறைக்குள் ஒருமுறையேனும் நின்று பார்த்தவருக்கன்றி இவ்வுவமை தோன்றாது. குறிஞ்சிப் பாடல்களிலும் இதற்கு நிகரானதொன்று உண்டு. சந்தன மரத்தை வெட்டியழித்துத் தினைப்புனம் அமைக்கும் குறவர் அங்கே வருகின்றனர். நகரத்து மார்பில் சாந்தாகும் மரம், மலையில் தினைக்கு இடையூறாகும் மரமே. நறுமணத்தின் மதிப்பு மரத்தினுள் மட்டும் இல்லை, அது சென்று சேரும் இடத்திலும் உண்டு என்பதை இப்பாடல்கள் சொல்லாமற் சொல்கின்றன.

பதிற்றுப்பத்து அணிகலனுக்குப் புகழ்பெற்ற ஊராகக் கொடுமணத்தைக் குறிப்பிடுகிறது. நொய்யல் ஆற்றங்கரையிலுள்ள கொடுமணலே அவ்வூர் என ஆய்வாளர் கருதுவர். அங்கு 1980களில் தொடங்கிய அகழாய்வுகள் நிறைவுபெற்ற மணிகளோடு, துளையிடப்படாத மணிகளையும், பாதியில் உடைந்தவற்றையும், கற்சில்லுகளையும் வெளிக்கொணர்ந்தன. இலக்கியம் முடிந்த அணியைப் புகழ்ந்தது. மண் முடியாத அணியைக் காத்து வைத்தது. துளையிடும்போது பிளந்துபோன ஒரு மணியில், ஒரு வினைஞரின் வீணான நாள் ஒன்று தங்கியிருக்கிறது.

யாழ்ப்பாணக் குடாநாட்டு ஆனைக்கோட்டையில் 1980இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தினர் அகழ்ந்த பெருங்கற்கால ஈமக்குழியொன்றிலும் ஓர் அணி கிடைத்தது. மோதிர முகப்பாக இருந்திருக்கலாம் எனக் கருதப்படும் அவ்வுலோக முத்திரையில் பிராமி எழுத்துகளும் வேறு குறியீடுகளும் உள்ளன. கோவேந்தன் என்னும் பொருள்படும் வகையில் அதனை ஆய்வாளர் வாசித்துள்ளனர். இக்குடாநாட்டின் மிகப் பழைய எழுத்துச் சான்றுகளுள் ஒன்று ஓர் அணிகலன் என்பது எண்ணி மகிழத்தக்கது. அதில் பொறிக்கப்பட்டது அணிந்தவரின் பெயர். எழுத்தைத் தலைகீழாக வெட்டி, பதிக்கும்போது நேராகத் தோன்றச் செய்த கையின் பெயர் அதில் இல்லை.

இவ்வாறு நோக்குவது அழகுணர்ச்சிக்கு எதிரானதெனச் சிலர் கூறலாம். அணியை வெறுத்தவர் உலகில் இல்லாமலில்லை. உரோம அறிஞர் பிளினி, இந்தியா, சீனம், அரேபியா ஆகிய நாடுகளுக்கு ஆண்டுதோறும் 10 கோடி செசுத்தர்சு நாணயம் செல்வதாகக் கணக்கிட்டு, ஆடம்பரமும் பெண்களும் தம் நாட்டுக்கு வைக்கும் செலவு அதுவென நொந்துகொண்டார். நாட்டின் வணிகக் கணக்கைப் பெண்ணின் கழுத்தில் ஏற்றிய அக்குரல் இன்றும் பல நாவுகளில் ஒலிக்கிறது. இங்கு வேண்டப்படுவது அதுவன்று. தழையும் பூவும் அணிந்த சங்க மகளிரும், செப்புக் கோலால் மை தீட்டிய கந்தரோடை மாந்தரும், எண்ணெய் கேட்டுப் போராடிய எகிப்தியத் தொழிலாளரும் அழகை விரும்பியவர்களே. அழகு மனிதர் யாவர்க்கும் உரிய தேவை. ஆகையினாலேயே அது யாருக்குக் கிடைத்தது, யாருக்கு மறுக்கப்பட்டது, யாருடைய உழைப்பில் விளைந்தது என்னும் வினாக்கள் அழகியலுக்குப் புறம்பானவையாகா.

தமிழ்மொழி இவ்வுண்மையை முன்னமே அறிந்திருந்தது போலும். பணி என்னும் சொல்லுக்குத் தொழில் என்பது ஒரு பொருள். அணிகலன் என்பது மற்றொரு பொருள். செயலையும் செய்பொருளையும் ஒரே சொல்லால் வழங்கியவர்கள், பூணும் ஒவ்வொரு பணியிலும் ஒரு பணி இருந்ததென்பதை மறவாதவர்களாய் இருந்திருத்தல் வேண்டும். பின்வந்தோர் ஒரு பொருளை ஏட்டில் புகழ்ந்து மற்றதை மறந்தனர். பழந்தமிழர் அணிகளைப் பற்றி இனி எழுதப்படும் கட்டுரைகள் இரு பொருளையும் சேர்த்தே எண்ணல் வேண்டும். அளவெட்டியின் திருமண வீட்டில் தட்டில் வைத்துக் காட்டப்படும் பொன்னுக்கு இன்னும் வடிவம் இல்லை. அதற்கு வடிவம் தரப்போகும் கை மட்டும் அருகே இருக்கிறது. சபையோர் பொன்னை நோக்கும் அக்கணத்தில், கையையும் நோக்கும் கண்ணே திறனாய்வாளனுக்கு வேண்டிய கண்.